கோ-ஆப் ஹவுஸில் ரூம் கிடைத்திருக்கிறது. சேரலாமா, வேண்டாமா?

ஜன்னலோரம்:

வணக்கம். அடுத்த செமஸ்டரில் முதுகலை சேரப் போகிறேன். பல்கலைக்கழக ஹாஸ்டலில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் பட்டியல் நகர்வதாகவே தெரியவில்லை. தனியார் வாடகை என் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகாது. தேடியதில், கேம்பஸிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் மாணவர்களே சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவு வீட்டில் இடம் காலி என்று பார்த்து விண்ணப்பித்தேன். வீடியோ காலில் நாலைந்து பேர் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து பேசினார்கள். இன்டர்வியூ என்றும் சொல்ல முடியாது, அரட்டை என்றும் சொல்ல முடியாது. இப்போது "வாங்க, இடம் தருகிறோம்" என்று மெயில் வந்திருக்கிறது. வார இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் குழப்பங்கள்: வாரம் இத்தனை மணி நேரம் வீட்டு வேலை கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. சமையலறை பொது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஹவுஸ் மீட்டிங், அதற்கும் கட்டாயம் வர வேண்டும். டெபாசிட்டை "உறுப்பினர் பங்கு" என்று போட்டிருக்கிறார்கள். "நீங்களும் ஓர் உரிமையாளர்" என்றும் எழுதியிருக்கிறது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "வாடகையும் குடுத்து ஊர் பாத்திரத்தையும் கழுவணுமா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

நான் சைவம். கூட்டத்தில் வாய் திறக்கிற ஆளும் இல்லை. தேர்வு நேரத்தில் இந்த வேலையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்றும் பயமாக இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்களேன்.

ஒத்தையடி:

வேண்டாம். நான் ஒரு செமஸ்டர் இருந்துட்டு வெளிய வந்தவன்.

சுவத்துல பெரிய அட்டவணை இருக்கும், யாருக்கு என்ன வேலைன்னு கலர் கலரா. வீட்டுல இருபது பேருக்கு மேல. வேலை செய்யறது என்னவோ அதே நாலு பேர்தான். மீட்டிங்ல கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க, "நாம இன்னும் பொறுப்பா இருக்கணும்"னு அழகா பேசுவாங்க. மறுநாள் சிங்க் அப்படியே நிரம்பி நிக்கும். ஒருத்தனோட சிநேகிதன் ஹால் சோபாவுலயே செமஸ்டர் பூரா குடியிருந்தான். வாடகையும் கிடையாது, வேலையும் கிடையாது, சாப்பாடு மட்டும் மூணு வேளை. கேட்டதுக்கு "இது எல்லாருக்குமான வீடு"ன்னாங்க. சமத்துவம்னு எழுதி மாட்டியிருந்த சுவத்துக்குக் கீழதான் குப்பைத் தொட்டி வழிஞ்சு கிடக்கும்.

இப்போ ரெண்டு பேரோட சின்ன ஃபிளாட். காசு கூடத்தான் போகுது. பரவாயில்ல, சிங்க் காலியா இருக்கு.

துடைப்பக்கட்டை:

தங்கச்சி (எழுத்தை வச்சு தங்கச்சின்னு எடுத்துக்கிட்டேன், தம்பியா இருந்தா கோச்சுக்காதீங்க), நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இப்படி ஒரு வீட்டுலதான் இருந்தேன். அதுல பாதிக் காலம் வேலைப் பங்கீட்டுப் பொறுப்பு என் தலையில. யாருக்கு எந்த வேலைன்னு எழுதி ஒட்டறது, செஞ்சாங்களான்னு பாக்கறது, செய்யாதவங்க ரூம் கதவைத் தட்டறது. இந்தப் பட்டப்பேரு அங்க வந்ததுதான்.

ஒத்தையடி சொல்றது எல்லாம் நடக்கக்கூடியதுதான். அவர் இருந்த வீடு மாதிரி வீடுகளை நானும் பாத்திருக்கேன். ஆனா அதுக்குக் காரணம் அங்க இருந்த ஆளுங்க சோம்பேறிங்கன்னு நான் சொல்லமாட்டேன். எந்த வீட்டுலயும் சோம்பேறி உண்டு. எங்க வீட்டுலயும் இருந்தாங்க. வேலை செய்யாதவங்ககிட்ட போய்க் கேக்கறதுக்குன்னு ஒரு ஆளும், கேட்டும் செய்யலன்னா அடுத்து என்னன்னு ஒரு முறையும் அந்த வீட்டுல இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல உங்க அப்பா கேள்விக்கு வர்றேன், ஏன்னா எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. ஹாஸ்டல்ல வார்டனுக்குச் சம்பளம், சமையல்காரருக்குச் சம்பளம், கூட்டித் துடைக்கிறவங்களுக்குச் சம்பளம், ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவருக்குச் சம்பளம். எல்லாம் நீங்க கட்டற பணத்துலேருந்துதான் போகுது. தனியார் வாடகைன்னா வீட்டுக்காரரோட லாபமும் அதுக்குள்ள இருக்கு. கோ-ஆப்ல லாபம் எடுக்க யாரும் இல்ல, சம்பளத்துலயும் பெரும்பகுதி இல்ல. வாடகை குறையறதுக்கு வேற மாயமந்திரம் எதுவும் கிடையாது. பாதியைப் பணமா கட்டறீங்க, மீதியைக் கையால கட்டறீங்கன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. இப்படிப் பாத்தா இன்னொண்ணும் புரியும்: ஒருத்தர் தன் வேலையைச் செய்யாம விட்டா, அவர் வாடகை பாக்கி வச்ச மாதிரிதான். வாடகை பாக்கியை எந்த வீடும் சும்மா விடாது. வேலை பாக்கியை விட்டுடுவாங்க, ஏன்னா ஃப்ரெண்டு முகத்துக்கு நேரா கேக்க ஒரு மாதிரி இருக்கும்.

அதனால அவங்களுக்குப் பதில் எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கடைசியா ஒருத்தர் தொடர்ந்து வேலை செய்யாம இருந்தப்போ என்ன பண்ணீங்க?"

பதில் "எங்க வீட்டுல அந்தப் பிரச்சினையே கிடையாது"ன்னு வந்தா, சேராதீங்க. ஒண்ணு பொய் சொல்றாங்க, இல்ல கவனிக்கறதே இல்ல. "பேசித் தீத்துப்போம், எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தானே"ன்னு வந்தா அது ஒத்தையடி வீடு. "முதல்ல பொறுப்பாளர் தனியா பேசினாங்க, அப்புறம் விட்ட மணி நேரத்துக்கு அபராதம் போட்டோம், அப்புறம் மீட்டிங்ல வச்சோம், அவங்களுக்கு உடம்பு முடியலன்னு தெரிஞ்சு வேற வேலை மாத்திக் குடுத்தோம்", இந்த மாதிரி முன்பின்னா, கொஞ்சம் சங்கடத்தோட ஒரு கதை வந்தா தைரியமா சேருங்க. அந்தச் சங்கடம் இருக்கே, அதுதான் நல்ல அடையாளம். நிஜமாவே கேட்டிருக்காங்க, அதனாலதான் சொல்லும்போது நெளியறாங்க.

வேலை எவ்வளவுன்னா, மாணவர் கோ-ஆப்கள்ல வாரம் 4லேருந்து 6 மணி நேரம் வரைக்கும் இருக்கறது சாதாரணம். அமெரிக்காவுல பெர்க்லி மாணவர் கூட்டுறவுல 5 மணி நேரம். கேட்டா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். கஷ்டம் மணிக்கணக்குல இல்ல, எந்த வேலைங்கிறதுல இருக்கு. புதுசா வர்றவங்க எல்லாரும் சமையல் ஷிஃப்டுக்குப் பாய்வாங்க. ஜாலியா இருக்கும், ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கலாம்னு நினைப்பு. எடுத்துப் பாத்தாதான் தெரியும்: குறிச்ச நேரத்துக்கு அடுப்பு பத்த வச்சே ஆகணும், லேப்ல வேலை இழுத்தாலும் இருபது பேர் பசியோட வாசல்ல நிப்பாங்க. பாத்ரூம் கழுவற வேலையை யாரும் சீந்த மாட்டாங்க. நீங்க அதை எடுங்க. கிண்டல் பண்ணல. அதுக்கு நேரங்காலம் கிடையாது. விடியக்காலையில எந்திரிச்சு கையுறையை மாட்டிக்கிட்டு, காதுல எதையாவது கேட்டுக்கிட்டே முடிச்சுட்டுப் போயிடலாம். யாரோடயும் பேச வேண்டாம். எல்லாரும் ஒதுக்கற வேலைங்கிறதால பல வீடுகள்ல அதுக்கு மணிக்கணக்கும் தாராளமா போடுவாங்க. ஒருத்தரும் உங்ககிட்ட குரல் உசத்த மாட்டாங்க, பாத்ரூம் கழுவறவங்களுக்கு அப்படி ஒரு மரியாதை.

பாத்திரம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். இருபது பேருக்குச் சமைச்ச அண்டா சாதாரண சிங்க்குக்குள்ள நுழையாது. சாய்ச்சு வச்சுப் பாதி பாதியா தேய்க்கணும். அடியில கரி பிடிச்சிருந்தா தேய்க்கற ஆள் என்ன பண்ணுவாங்க? தண்ணி ஊத்தி, ரெண்டு சொட்டு சோப்பு விட்டு, "ஊறட்டும்"னு ஓரமா தள்ளிட்டுப் போயிடுவாங்க. அடுத்த ஷிஃப்டு ஆள் வந்து பாத்து, இது என் பாத்திரம் இல்லையேன்னு விட்டுடுவாங்க. அதுக்கு அடுத்த நாள் அந்தத் தண்ணியில ஒரு ஏடு கட்டியிருக்கும் பாருங்க, பழுப்பும் பச்சையுமா. நான் பொறுப்புல இருந்தப்போ நடந்த சண்டைகள்ல பெரும்பாலும் அரசியலோ கொள்கையோ கிடையாது, இந்த ஊறல் அண்டாதான். கடைசியில ஒரு விதி எழுதினோம்: ஊற வைக்கறவங்க அண்டா மேல பேரும் மணியும் எழுதின சீட்டை ஒட்டணும், அதே ராத்திரி அவங்களே வந்து முடிக்கணும். சீட்டு ஒட்டினதும் சண்டை பாதியா குறைஞ்சது. பேர் எழுதின அண்டாவை அப்படியே விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வராது போல.

வீட்டை நேர்ல பாக்க முடியாட்டியும், ஒரு வாரநாள் ராத்திரி சாப்பாடு முடிஞ்ச நேரத்துல வீடியோ கால் போட்டு சமையலறையைக் காட்டச் சொல்லுங்க. முன்கூட்டி நேரம் குறிக்காதீங்க. வேலைப் பலகையையும் கேமரா முன்னால காட்டச் சொல்லுங்க. அதுல கிறுக்கல், அடிச்சுத் திருத்தினது, "இவருக்குப் பதில் அவர்"னு அம்புக்குறி எல்லாம் இருந்தா அது புழங்கற பலகை. பளிச்சுன்னு கலர் கலரா இருந்தா பொம்மை.

சைவம் பத்தி ரொம்பக் கவலை வேண்டாம். பல கோ-ஆப்கள்ல பொதுச் சமையலே சைவமாத்தான் இருக்கும். எல்லாரும் சாப்பிடலாம், மொத்தமா வாங்கினா செலவும் கம்மி. ஆனா இதைக் கேளுங்க: சைவத்துக்குன்னு தனியா வாணலியும் கரண்டியும் இருக்கா, அதுக்குக் கைப்பிடியில ஏதாவது அடையாளம் இருக்கா? "இருக்கு, பச்சை டேப் சுத்தியிருப்போம்"னு உடனே பதில் வந்தா சரி. "அதெல்லாம் நல்லா கழுவிடுவோம்"னு சொன்னா உங்களுக்குன்னு ஒரு வாணலி வாங்கி ரூமுக்குள்ள வச்சுக்கோங்க.

கூட்டத்துல பேச வராதுன்னு சொன்னீங்க. மீட்டிங்ல மினிட்ஸ் எழுதற வேலையைக் கேட்டு வாங்கிக்கோங்க. வேலை மணி நேரத்துலயே அது சேர்ந்துடும், வாய் திறக்கவும் தேவையில்ல. ரெண்டு மாசம் கழிச்சு "அன்னைக்கு என்ன முடிவு பண்ணோம்?"னு எல்லாரும் உங்க முகத்தைத்தான் பாப்பாங்க. எங்க வீட்டுலயே ரொம்ப அமைதியான பொண்ணுகிட்ட அந்த நோட்டு இருந்தது. அவளை மீறி ஒரு தீர்மானமும் நகராது.

இன்னொண்ணு, முடிவு எடுக்கறது ஓட்டுப் போட்டா, இல்ல எல்லாரும் ஒத்துக்கணுமான்னு விசாரிங்க. ஒருமித்த முடிவுன்னா ஒருத்தர் மறிச்சாக்கூட நின்னுடும். பாத்திரம் கழுவற மெஷின் வாங்கலாமான்னு எங்க வீட்டுல பேசினது நான் சேர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது, நான் கிளம்பும்போதும் முடியல. பல வீடுகள்ல ரெண்டு மீட்டிங்ல ஒத்துவரலன்னா ஓட்டுக்கு விட்டுடலாம்னு வச்சிருப்பாங்க. அதுதான் எனக்குச் சரின்னு படுது.

தேர்வு நேரம்: முன்னாடியே கூடுதலா செஞ்சு மணி நேரத்தை வரவு வச்சுக்கலாமான்னு கேளுங்க. விட்டா நான் எழுதிக்கிட்டே இருப்பேன். காசு விஷயம் எனக்குச் சரியா வராது, கணக்குப்பிள்ளை அண்ணன் இங்க இருந்தா சொல்வார்.

கணக்குப்பிள்ளை:

கூப்பிட்டதால் வந்தேன். நான் இரண்டு வேறு ஊர்களில், இரண்டு கோ-ஆப் வீடுகளில் பொருளாளராக இருந்தவன். சமையலறையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு நல்ல பெயர் கிடையாது.

"நீங்களும் ஓர் உரிமையாளர்" என்ற வரியைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள், அம்மா. மாணவர் கூட்டுறவுகளில் பெரும்பாலானவற்றில் கட்டடம் சங்கத்தின் பெயரில் இருக்கும், அல்லது சங்கம் அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கும். உங்களுக்கு அதில் ஓட்டு உண்டு, ஒருவருக்கு ஒரே ஓட்டு. விற்றுக் காசாக்க ஒன்றும் கிடையாது. வீட்டின் மதிப்பு ஏறினாலும் நீங்கள் கிளம்பும்போது கையில் வருவது நீங்கள் போட்ட பங்குத்தொகை மட்டும்தான், அதிலும் பாக்கி, சேதாரம் இருந்தால் கழித்துக்கொள்வார்கள். இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். முன்பு இருந்தவர்கள் லாபத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகாததால்தான் இன்று உங்களுக்கு வாடகை குறைவாக இருக்கிறது. ஆனால் பங்குத்தொகையை எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்த பிறகு" என்று இருந்தால் தேதி போடச் சொல்லிக் கேளுங்கள்.

வாடகை எப்படி முடிவாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். கடன் தவணை அல்லது குத்தகை, வரி, காப்பீடு, மின்சாரம், தண்ணீர், மளிகை, பழுதுபார்க்கும் நிதி எல்லாவற்றையும் கூட்டி, ஆள் கணக்கில் வகுக்கிறோம். இதில் இரண்டு இடத்தில் ஓட்டை விழும். ஒன்று, காலி ரூம். இருபது பேர் என்று போட்ட கணக்கில் பதினாறு பேர் இருந்தால் அந்த நான்கு பேரின் பங்கை மிச்சப் பதினாறு பேர்தான் சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமிப்பைத் தொட வேண்டும். விடுமுறை மாதங்களில் வீடு காலியாகிறதா, அப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவதுதான் நான் பயப்படுவது. மாணவர்கள் ஓரிரு வருடத்தில் போய்விடுவார்கள். ஒவ்வொரு செட்டும் ஓட்டுப் போடும்போது வாடகையை ஏற்ற வேண்டாம் என்றுதான் போடும். கூரை ஒழுகத் தொடங்கும்போது அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் பொறுப்பேற்றபோது ஒரு வீட்டில் பழுதுநிதி என்று ஒரு கணக்கு இருந்தது, அதில் பணம்தான் இல்லை. பல வருடம் தள்ளிப்போட்ட குழாய் வேலை எல்லாம் ஒரே குளிர்காலத்தில் வந்து நின்றது, மாதக் கட்டணத்தை நடு வருடத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றைய மீட்டிங்கில் என்னைத் திட்டியவர்கள் யாருக்கும் அந்தக் குழாயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, எனக்கும் இல்லை.

இதனால்தான் தனி வீடாக நிற்பதைவிடப் பல வீடுகள் ஒரு பொதுச் சங்கத்தின் கீழ் இருப்பது பாதுகாப்பு. ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை ஒட்டி 1937இல் வீடுகள் சேர்ந்து ஒரு கூட்டுச் சங்கம் அமைத்தன. பெர்க்லியில் 1933இல், பொருளாதார மந்தக் காலத்தில், ஹாரி கிங்மன் என்பவர் தூண்டுதலில் பதினான்கு மாணவர்களோடு தொடங்கியது இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குடியிருக்கும் அமைப்பு. இப்படிப்பட்ட இடங்களில் நிரந்தர ஊழியர்கள் இருப்பார்கள், அவர்கள் கூரையையும் கொதிகலனையும் மறக்க மாட்டார்கள். ஆனால் பழைய, பெரிய சங்கமாக இருந்தால்தான் நல்லது என்றும் இல்லை. எடின்பரோவில் மாணவர் வீட்டுக் கூட்டுறவு 2014இல்தான் திறந்தது, 106 பேர், மாணவர்களே நடத்துகிறார்கள்.

எதிர்க் கதையும் ஒன்று உண்டு. டொராண்டோவில் 1968இல் ராச்டேல் காலேஜ் என்று 18 மாடிக் கட்டடம் திறந்தார்கள். படிப்பும் குடியிருப்பும் ஒன்றாக, எல்லாம் குடியிருப்பவர்கள் கையில். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவுக் கடையின் நினைவாக வைத்த பெயர். அந்த 28 பேரின் விதிகளில் ஒன்று, சரக்குக்கு ரொக்கம், கடன் கிடையாது. டொராண்டோவில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள், அந்த விதியை எடுத்துக்கொள்ளவில்லை. வாடகை வசூலாகவில்லை, கட்டடக் கடன் அடைபடவில்லை, போதைப்பொருள் புழக்கம் வேறு. 1975இல் கடைசியாக இருந்தவர்களையும் வெளியேற்றி மூடினார்கள். கொள்கையில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கணக்கைப் பார்க்க ஆள் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது: போன வருட வரவுசெலவு அறிக்கை, இன்றைய தேதியில் காலி ரூம் எத்தனை, பழுதுநிதியில் எவ்வளவு, கூரை கடைசியாக எப்போது மாற்றியது. உறுப்பினராகப் போகிறவர் கேட்டால் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

இன்னும் இரண்டு சங்கதி, சுருக்கமாக. சில நாடுகளில் வாடகைதாரருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கூட்டுறவு உறுப்பினருக்கு அப்படியே பொருந்தாது, எனவே வெளியேற்றும் விதி என்ன, எத்தனை நாள் அவகாசம், மேல்முறையீடு உண்டா என்று துணைவிதிகளில் தேடிப் படியுங்கள். அப்புறம், சில வீடுகளில் பொறுப்பாளர்களுக்கு வாடகைக் கழிவு தருவார்கள். மாணவர் விசாவில் இருப்பவர் அதை ஒப்புக்கொள்வதற்கு முன் பல்கலையின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஒத்தையடி:

@துடைப்பக்கட்டை, அந்த ஊறல் அண்டா... எங்க வீட்டுலயும் அதேதான். சீட்டு ஒட்டற யோசனை எங்களுக்குத் தோணல. ஆனா ஒண்ணு கேக்கறேன். கதவைத் தட்டற வேலையை யாரு செய்வா? எங்க வீட்டுல அந்தப் பொறுப்புக்கு நின்னவனை "போலீஸ்"னு கூப்பிட்டே ஓட விட்டாங்க.

துடைப்பக்கட்டை:

நியாயமான கேள்வி. என்னையும்தான் கூப்பிட்டாங்க, என் பேரைப் பாருங்க. நான் ஒரு வழி வச்சிருந்தேன். வேலை விட்டவங்க பேரை நானா கண்டுபிடிச்சுப் போய் நிக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி பலகையில டிக் விழாத இடத்துக்கெல்லாம் அபராத மணி தானா ஏறும், அதை மீட்டிங்ல எல்லாரும் சேந்து ஒத்துக்கிட்டிருந்தோம். நான் கதவைத் தட்டறது "ஏன் செய்யல?"ன்னு கேக்க இல்ல, "உன் பேர்ல மூணு மணி நேரம் ஏறியிருக்கு, எப்போ தீக்கறே, எதுல தீக்கறே?"ன்னு கேக்க. அதுக்கு யாரும் கோபப்பட்டதில்ல. கோபப்பட்டாலும் என் மேல வராது, பலகை மேலதான் வரும்.

அப்புறம் ஒரு ஆளே ரொம்ப நாள் இந்தப் பொறுப்புல இருக்கக் கூடாது. நான் கூட வேணுங்கிறதுக்கு மேலயே இருந்துட்டேன். கடைசிக் கொஞ்ச நாள் நான் சமையலறைக்குள்ள போனாலே பேச்சு நின்னுடும்.

சோபா விருந்தாளிக்கு: ஒரு மாசத்துல இத்தனை ராத்திரிக்கு மேல தங்கினா சாப்பாட்டுக் கட்டணமும் வேலை நேரமும் உண்டுன்னு விதி இல்லாத வீட்டுல, யாரோ ஒருத்தரோட காதலனோ காதலியோ கட்டாயம் குடியேறிடுவாங்க. இதையும் கேட்டுக்கோங்க தங்கச்சி.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சிதான் அக்கா, சரியாத்தான் சொன்னீங்க.

நேற்று இரவு, நீங்கள் சொன்ன நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் கூப்பிட்டேன். எடுத்த பெண் தலையில் துண்டோடு நின்றாள். "சமையலறையைக் காட்ட முடியுமா?" என்றதும் ஒரு நொடி யோசித்துவிட்டு, "வா, ஆனா அழகா இருக்கும்னு எதிர்பார்க்காதே" என்று கேமராவைத் திருப்பினாள். மேடையில் ஈரம், ஒரு பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மலை மாதிரி. சிங்க்கில் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. சீட்டு ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் வந்து அதைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான், கேமராவைப் பார்க்கக்கூட இல்லை. வேலைப் பலகை கோழி கிண்டியது போலத்தான் இருந்தது, ஒரு பெயரை மூன்று முறை அடித்து எழுதியிருந்தார்கள்.

அந்தக் கேள்வியையும் கேட்டேன். கொஞ்சம் நெளிந்தாள். போன வருடம் ஒரு சீனியர் வாரக்கணக்கில் எதுவும் செய்யவில்லையாம், மீட்டிங்கில் வைத்தார்களாம், அது நன்றாகப் போகவில்லையாம், அவர் கோபித்துக்கொண்டு அந்த செமஸ்டர் முடிவில் போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான் அபராத மணி முறையே கொண்டுவந்தார்களாம். விருந்தாளி விதி இருக்கிறது. வாணலியில் டேப் இல்லை, ஆனால் ஒரு அலமாரியே தனியாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை அண்ணா, வரவுசெலவு அறிக்கை இன்று காலை மெயிலில் வந்துவிட்டது. இரண்டு ரூம் காலி. பழுதுநிதியில் ஏதோ இருக்கிறது, போதுமா போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. கூரை பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. தனி வீடுதான், பொதுச் சங்கம் எதுவும் இல்லை. கட்டடம் நீண்ட காலக் குத்தகை என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

கேட்டவுடன் அறிக்கை அனுப்பினார்கள் என்பது பெரிய விஷயம். குத்தகைக் கட்டடம் என்றால் கூரை யார் பொறுப்பு என்பது குத்தகைப் பத்திரத்தில் இருக்கும், கட்டட உரிமையாளர் தலையிலும் வரலாம், சங்கத்தின் தலையிலும் வரலாம். அதனால் பதில் தெரியாமல்கூட இருக்கலாம். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "பெரிய பழுது வந்தால் செலவு சங்கத்துடையதா, உரிமையாளருடையதா? குத்தகை எந்த வருடம் முடிகிறது?" நீங்கள் படிப்பு முடிப்பதற்கு முன்பே குத்தகை முடிகிறது என்றால் புதுப்பிப்புப் பேச்சு ஆரம்பித்துவிட்டதா என்றும் கேளுங்கள். இரண்டு ரூம் காலி என்பது வருடம் தொடங்கும் முன் சகஜம். அதே அறிக்கையின் நடு வருட மாதங்களில் வாடகை வரவு குறைகிறதா என்று மட்டும் ஒரு பார்வை பாருங்கள்.

துடைப்பக்கட்டை:

"அது நல்லா போகல"ன்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க, எனக்கு அது போதும். நானா இருந்தா குத்தகைத் தேதியை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்லிடுவேன்.

ரூம் பத்தியும் விசாரிச்சுக்கோங்க. பழைய ஆளுங்க நல்ல ரூமை எடுத்துக்கிட்டு, புதுசா வர்றவங்களுக்கு சமையலறைக்கு மேல இருக்கறதையோ, மாடிப்படி பக்கத்துல இருக்கறதையோதான் தள்ளுவாங்க. அதுல தப்பில்ல, மூப்பு வரிசை. ஆனா அடுத்த செமஸ்டர் யாராவது கிளம்பினா மாறிக்கற வரிசையில இப்பவே பேர் குடுத்து வைங்க. அது வரைக்கும் காதுல வைக்கற பஞ்சு நாலு ஜோடி வாங்கிக்கோங்க. ஒண்ணு கட்டாயம் தொலையும்.